ராணியைக் கொடுத்து ராஜாவைப் பிடித்த சிறுவன்!

13 வயதில் பாபி பிஷர் ஆடிய "நூற்றாண்டின் ஆட்டம்"

சதுரங்கம் ஆடத் தெரிந்த எந்தக் குழந்தையையும் கேட்டுப் பாருங்கள். "பலகையில் எந்தக் காய் பெரிய காய்?" என்றால், "ராணி!" என்று உடனே பதில் வரும்.

ராணி நேராகவும் போகும். குறுக்காகவும் போகும். எவ்வளவு தூரமும் போகும். ராணியைப் பறிகொடுத்தவன், பாதி உயிர் போனவன் மாதிரி ஆகிவிடுவான். பல பேர் அதோடு ஆட்டத்தையே விட்டுவிடுவார்கள்.

ஆனால் 13 வயதுப் பையன் ஒருவன், தன் ராணியை எதிரி வெட்டட்டும் என்று வேண்டுமென்றே விட்டுவிட்டான். அதுவும் அமெரிக்காவின் பெரிய ஆட்டக்காரர்கள் கூடியிருந்த போட்டியில்!

கடைசியில் ஜெயித்தது யார்? அந்தப் பையன்தான்.

இது நடந்தது 1956-ம் ஆண்டு அக்டோபர் மாதம் 17-ந் தேதி. இடம், நியூயார்க் நகரில் உள்ள மார்ஷல் சதுரங்கக் கழகம். பையனின் பெயர் பாபி பிஷர். அவனை எதிர்த்து ஆடியவர் டொனால்டு பைர்ன்.

ஆட்டம் நடந்து எத்தனையோ ஆண்டுகள் ஓடிவிட்டன. இருந்தாலும் சதுரங்கம் கற்கிறவர்கள் இன்றைக்கும் அந்த ஆட்டத்தைப் பலகையில் வைத்து ஆடிப் பார்க்கிறார்கள்.

மிட்டாய்க் கடையில் வாங்கிய பலகை

பாபி பிஷர் 1943-ம் ஆண்டு சிகாகோ நகரில் பிறந்தவன். வளர்ந்தது நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில். தகப்பனார் கூட இல்லை. தாயார் ரெஜினா தனியாகப் பாடுபட்டு இரண்டு குழந்தைகளை வளர்த்தார்.

பாபிக்கு 6 வயது இருக்கும்போது, அவனுடைய அக்காள் ஜோன் ஒரு சதுரங்கப் பலகை வாங்கி வந்தாள். விலை உயர்ந்த பலகை அல்ல. குடியிருந்த வீட்டுக்குக் கீழே இருந்த மிட்டாய்க் கடையில் வாங்கியது. பெட்டியில் இருந்த விளக்கத்தைப் படித்து, அக்காளும் தம்பியும் ஆடக் கற்றுக்கொண்டார்கள்.

அக்காளுக்கு ஆட்டம் சீக்கிரமே சலித்துவிட்டது. தம்பிக்குச் சலிக்கவில்லை. கூட ஆட ஆள் இல்லாமல், தனக்குத் தானே இரண்டு பக்கமும் ஆடினான்.

இதைக் கண்டு தாயார் கவலைப்பட்டார். 1950-ம் ஆண்டு, புரூக்ளினில் வெளிவந்த ஒரு பத்திரிகைக்குக் கடிதம் போட்டார். தன் மகனோடு சதுரங்கம் ஆடக் குழந்தைகள் யாராவது கிடைப்பார்களா என்று கேட்டார்.

அதன் பலனாக, 1951-ம் ஆண்டு ஜனவரியில் மாக்ஸ் பேவி என்ற பெரிய ஆட்டக்காரரோடு ஆட பாபிக்கு வாய்ப்புக் கிடைத்தது. பேவி ஒரே நேரத்தில் பல பேரோடு ஆடினார். 7 வயது பாபி கொஞ்ச நேரத்திலேயே தோற்றான். தோற்றதும் அழுதுவிட்டான்.

அங்கே நின்று பார்த்துக்கொண்டிருந்தவர்களில் ஒருவர் கார்மைன் நைக்ரோ. புரூக்ளின் சதுரங்கக் கழகத்தின் தலைவர். அவர் பையனைக் கழகத்துக்கு அழைத்துச் சென்று ஆட்டம் சொல்லிக் கொடுத்தார். அழுத பையன் 5 ஆண்டுகளில் அமெரிக்க இளைஞர் சாம்பியன் ஆனான்!

அந்தப் பட்டத்தால்தான் 1956-ம் ஆண்டு ரோசன்வால்டு கோப்பைப் போட்டிக்கு அவனுக்கு அழைப்பு வந்தது. மொத்தம் 12 பேர் ஆடினார்கள். அவர்களில் பாபிதான் சிறுவன்.

எதிரே உட்கார்ந்த டொனால்டு பைர்னுக்கு வயது 26. 1953-ம் ஆண்டு அமெரிக்கத் திறந்த போட்டியில் முதல் இடம் பெற்றவர்.

பலகையை எடுத்து வையுங்கள்

போட்டிகளில் ஆடுகிறவர்கள் ஒவ்வொரு நகர்த்தலையும் தாளில் எழுதி வைக்க வேண்டும். அதனால்தான் என்றோ முடிந்த ஆட்டத்தை இன்று நம் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து திரும்ப ஆடிப் பார்க்க முடிகிறது.

எழுதும் முறை எளிது. வெள்ளைக் காய் ஆடுகிறவரின் இடது கைப் பக்கம் தொடங்கி, எட்டு வரிசைகளுக்கும் ஏ, பி, சி, டி, இ, எப், ஜி, எச் என்று பெயர். அவருக்குப் பக்கத்தில் இருந்து மேலே போகப் போக 1, 2, 3 என்று 8 வரை எண். ஆட்டம் தொடங்கும்போது வெள்ளை ராஜா நிற்கும் கட்டம் இ-1. கறுப்பு ராஜா நிற்கும் கட்டம் இ-8.

வெள்ளைக் காய்கள் பைர்னுக்கு. கறுப்புக் காய்கள் பிஷருக்கு. முதல் பத்து நகர்த்தல்கள் இவை:

1. வெள்ளைக் குதிரை எப்-3. கறுப்புக் குதிரை எப்-6.
2. வெள்ளைச் சிப்பாய் சி-4. கறுப்புச் சிப்பாய் ஜி-6.
3. வெள்ளைக் குதிரை சி-3. கறுப்பு மந்திரி ஜி-7.
4. வெள்ளைச் சிப்பாய் டி-4. கறுப்பு ராஜா, பக்கத்து யானையோடு சேர்ந்து கோட்டை கட்டிக்கொள்கிறது.
5. வெள்ளை மந்திரி எப்-4. கறுப்புச் சிப்பாய் டி-5.
6. வெள்ளை ராணி பி-3. கறுப்புச் சிப்பாய் சி-4 சிப்பாயை வெட்டுகிறது.
7. வெள்ளை ராணி சி-4 சிப்பாயை வெட்டுகிறது. கறுப்புச் சிப்பாய் சி-6.
8. வெள்ளைச் சிப்பாய் இ-4. கறுப்பின் மற்றொரு குதிரை டி-7.
9. வெள்ளையின் ஏ-1 யானை டி-1. கறுப்பின் டி-7 குதிரை பி-6.
10. வெள்ளை ராணி சி-5. கறுப்பு மந்திரி ஜி-4.

இங்கே கொஞ்சம் நிறுத்திப் பலகையைப் பாருங்கள்.

கறுப்பு ராஜா கோட்டைக்குள் பத்திரமாக இருக்கிறது. வெள்ளை ராஜாவோ இன்னும் நடுவிலேயே நிற்கிறது. வெள்ளை ராணி மட்டும் மூன்று முறை நகர்ந்துவிட்டது. "முதலில் ராஜாவைப் பத்திரப்படுத்து" என்று சதுரங்க ஆசிரியர்கள் படித்துப் படித்துச் சொல்வார்கள். பைர்ன் அதைத் தள்ளிப்போட்டார்.

11-வது நகர்த்தலிலும் அவர் ராஜாவைக் கவனிக்கவில்லை. எப்-4 கட்டத்தில் இருந்த மந்திரியை ஜி-5 கட்டத்துக்கு மாற்றினார். ஒரே காயை இரண்டாம் முறை நகர்த்திய அந்த ஒரு நகர்த்தலுக்கு அவர் பெரிய விலை கொடுக்க நேர்ந்தது.

ஓரத்துக்குப் போன குதிரை

பிஷர் தன் பி-6 குதிரையை ஏ-4 கட்டத்தில் கொண்டுபோய் வைத்தான்.

பார்த்தவர்களுக்குத் தூக்கிவாரிப் போட்டிருக்கும். பலகையின் ஓரம். துணைக்கு ஒரு காய் கிடையாது. வெள்ளையின் சி-3 குதிரை அதை எளிதாக வெட்டலாம்.

வெட்டினால் என்ன ஆகும்? கறுப்பின் எப்-6 குதிரை பாய்ந்து நடுவில் உள்ள இ-4 சிப்பாயை வெட்டும். அங்கே நின்றபடி வெள்ளை ராணியையும் மந்திரியையும் ஒரே நேரத்தில் தாக்கும். ராஜாவோ கோட்டை இல்லாமல் வெளியில் நிற்கிறது. வெள்ளையின் பாடு திண்டாட்டம்தான்.

பைர்ன் இதைக் கண்டுகொண்டார். குதிரையை வெட்டவில்லை. ராணியை ஏ-3 கட்டத்துக்குப் பின்வாங்கினார்.

பிஷரின் குதிரை சி-3 குதிரையை வெட்டியது. வெள்ளைச் சிப்பாய் திரும்ப வெட்டியது. உடனே மற்றக் கறுப்புக் குதிரை இ-4 சிப்பாயை வெட்டியது. 14-வது நகர்த்தலில் வெள்ளை மந்திரி இ-7 சிப்பாயை வெட்டிக் கறுப்பு ராணியை மிரட்டியது. கறுப்பு ராணி பி-6 கட்டத்துக்கு நகர்ந்தது.

15-வது நகர்த்தலில் பைர்ன் தன் மற்றொரு மந்திரியை சி-4 கட்டத்துக்குக் கொண்டு வந்தார். இன்னும் ஒரே ஒரு நகர்த்தல் கிடைத்தால் போதும், கோட்டை கட்டி விடலாம்.

அந்த ஒன்றைப் பிஷர் கொடுக்கவில்லை! அவன் குதிரை சி-3 சிப்பாயை வெட்டியது. வெள்ளை மந்திரி இ-7 கட்டத்தில் இருந்து சி-5 கட்டத்துக்கு வந்து கறுப்பு ராணியைத் தாக்கியது. பிஷர் எப்-8 யானையை இ-8 கட்டத்துக்கு நகர்த்தி ராஜாவுக்குச் செக் வைத்தான். வெள்ளை ராஜா எப்-1 கட்டத்துக்கு ஒதுங்கியது.

ராஜா நகர்ந்துவிட்டது. இனிமேல் கோட்டை கட்ட முடியாது. எச்-1 மூலையில் உள்ள யானை ராஜாவின் பின்னால் அடைபட்டுக் கிடக்கிறது.

"எடுத்துக்கொள்ளுங்கள் என் ராணியை!"

இப்போது 17-வது நகர்த்தல். பிஷர் ஆட வேண்டும்.

கறுப்பு ராணி ஆபத்தில் இருக்கிறது. சி-3 குதிரையும் ஆபத்தில் இருக்கிறது. சாதாரண ஆட்டக்காரன் என்ன செய்வான்? ராணியைக் காப்பாற்ற ஓடுவான்.

பிஷர் ராணியைத் தொடவே இல்லை. ஜி-4 கட்டத்தில் இருந்த மந்திரியை இ-6 கட்டத்துக்கு நகர்த்தினான். "ராணி வேண்டுமா? எடுத்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லாமல் சொன்னான்.

பைர்ன் ராணியை விட்டுவிட்டு இ-6 மந்திரியை வெட்டியிருக்கலாமே என்று கேட்கத் தோன்றும். அதற்கும் பதில் இருந்தது. கறுப்பு ராணி பி-5 கட்டத்தில் செக் வைக்கும். ராஜா ஜி-1. குதிரை இ-2 கட்டத்தில் செக். ராஜா எப்-1. குதிரை ஜி-3 கட்டத்துக்குத் தாவும். குதிரையும் ராணியும் சேர்ந்து இரட்டைச் செக். ராஜா மறுபடியும் ஜி-1. அப்போது கறுப்பு ராணி எப்-1 கட்டத்தில் போய் விழும். யானை அதை வெட்டித்தான் ஆக வேண்டும். குதிரை இ-2 கட்டத்துக்குத் திரும்ப வந்து செக் வைக்கும். ராஜாவைச் சுற்றிலும் அதன் சொந்தக் காய்களே அடைத்துக்கொண்டு நிற்கும். மூச்சுவிட இடம் இல்லாமல் ராஜா பிடிபடும்!

இதைப் பலகையில் ஒரு தடவை ஆடிப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள்.

தறியில் ஓடும் நாடா

பைர்ன் ராணியை வெட்டினார். பி-6 கட்டத்தில் கறுப்பு ராணி விழுந்தது.

பிஷர் தன் வேலையைத் தொடங்கினான். அவன் மந்திரி சி-4 மந்திரியை வெட்டியது. செக்! ராஜா ஜி-1 கட்டத்துக்குப் போயிற்று. குதிரை இ-2. செக்! ராஜா எப்-1 கட்டத்துக்குத் திரும்பியது. குதிரை விலகி டி-4 சிப்பாயை வெட்டியது. பின்னால் நின்ற மந்திரியின் செக்! ராஜா ஜி-1. குதிரை மறுபடி இ-2. செக்! ராஜா எப்-1. குதிரை சி-3. மந்திரியின் செக்! ராஜா ஜி-1.

தொடர்ந்து ஐந்து செக்! தறியில் நாடா ஓடுவது போல, வெள்ளை ராஜா இங்கும் அங்கும் ஓடியது. செக் வைத்தால் ராஜாவைக் காப்பாற்றுவது தவிர வேறு காயைக் கவனிக்க முடியாது. ஐரோப்பிய ஆட்டக்காரர்கள் இதற்குக் "காற்றாலை" என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

ராஜாவை விரட்டி முடித்தபின், தன் ராணியை வெட்டிய மந்திரியைக் கறுப்புச் சிப்பாய் பி-6 கட்டத்தில் வெட்டியது. அதனால் ஏ-8 யானைக்கு வழி திறந்தது. யானை வெள்ளை ராணியைத் தாக்கியது. ராணி பி-4 கட்டத்துக்கு ஓடியது. யானை ஏ-4 கட்டத்துக்கு வந்து மறுபடியும் தாக்கியது. ராணி பி-6 சிப்பாயை வெட்டித் தப்பியது. கறுப்புக் குதிரை டி-1 யானையை வெட்டியது.

இப்போது கணக்குப் பார்க்கலாம்.

சதுரங்கத்தில் காய்களுக்கு மதிப்பு உண்டு. ராணிக்கு 9. யானைக்கு 5. மந்திரிக்கும் குதிரைக்கும் 3. சிப்பாய்க்கு 1. பிஷர் கொடுத்தது ராணியும் ஒரு சிப்பாயும். ஆக 10. வாங்கியது இரண்டு மந்திரி, ஒரு யானை, ஒரு சிப்பாய். ஆக 12.

கணக்கில் லாபம் இரண்டுதான். ஆனால் வெள்ளை ராணி தனியாகத் திரிகிறது. கறுப்புக் காய்கள் கூட்டாக நிற்கின்றன. ஒற்றுமையாக நிற்கும் நாலு சின்னக் காய்களின் முன்னால், ஒற்றை ராணி ஒன்றும் செய்ய முடியவில்லை.

ஏழு செக்!

26-வது நகர்த்தலில் பைர்ன் சிப்பாயை எச்-3 கட்டத்துக்கு நகர்த்தி ராஜாவுக்கு வழி உண்டாக்கினார். கறுப்பு யானை ஏ-2 சிப்பாயை வெட்டியது. ராஜா எச்-2. குதிரை எப்-2 சிப்பாயை வெட்டியது. அடைபட்டுக் கிடந்த வெள்ளை யானை இ-1 கட்டத்துக்கு வந்தது. வந்ததும் கறுப்பின் இ-8 யானை அதை வெட்டியது. வெள்ளை ராணி டி-8 கட்டத்தில் செக். கறுப்பு மந்திரி எப்-8 கட்டத்தில் தடுத்தது. வெள்ளைக் குதிரை இ-1 யானையை வெட்டியது. கறுப்பின் சி-4 மந்திரி டி-5 கட்டத்துக்கு நகர்ந்தது.

வெள்ளைக்கு மிச்சம் ஒரு ராணி, ஒரு குதிரை, இரண்டு சிப்பாய். கறுப்புக்கு ஒரு யானை, இரண்டு மந்திரி, ஒரு குதிரை, ஐந்து சிப்பாய்.

பிறகு வெள்ளைக் குதிரை எப்-3, கறுப்புக் குதிரை இ-4. வெள்ளை ராணி பி-8, கறுப்புச் சிப்பாய் பி-5. வெள்ளைச் சிப்பாய் எச்-4, கறுப்புச் சிப்பாய் எச்-5. வெள்ளைக் குதிரை இ-5, கறுப்பு ராஜா ஜி-7. வெள்ளை ராஜா ஜி-1.

அப்புறம் வந்தது கடைசி வேட்டை. மந்திரி சி-5, செக். ராஜா எப்-1. குதிரை ஜி-3, செக். ராஜா இ-1. மந்திரி பி-4, செக். ராஜா டி-1. மற்றொரு மந்திரி பி-3, செக். ராஜா சி-1. குதிரை இ-2, செக். ராஜா பி-1. குதிரை சி-3, செக். ராஜா சி-1. யானை சி-2.

மேட்!

ஏழு நகர்த்தல், ஏழும் செக். வெள்ளை ராஜா அடி வரிசை முழுவதும் துரத்தப்பட்டு மடிந்தது. வெள்ளை ராணி பி-8 கட்டத்தில் உயிரோடுதான் இருந்தது. தன் ராஜா பிடிபடுவதைப் பார்த்துக்கொண்டு நிற்பது தவிர அதனால் ஒன்றும் ஆகவில்லை.

மொத்தம் 41 நகர்த்தல்கள். ஆட்டம் முடிந்தது.

தோற்றவரின் பெருந்தன்மை

ஒரு விஷயத்தை இங்கே சொல்ல வேண்டும்.

பெரிய ஆட்டக்காரர்கள் மேட் ஆகும் வரை உட்கார்ந்திருப்பது இல்லை. தோல்வி நிச்சயம் என்று தெரிந்ததும், ஆட்டத்தை விட்டுக்கொடுத்து எழுந்துவிடுவார்கள். அதுதான் வழக்கம். பைர்னும் அப்படி எழுந்திருக்கலாம். ஒரு பொடியனிடம் மேட் ஆவது அவருக்குக் கௌரவமும் இல்லை.

ஆனால் அவர் எழவில்லை. இவ்வளவு நன்றாக ஆடிய பையன், அழகான ஆட்டத்தை மேட் வரை ஆடி முடிக்கட்டுமே என்று நினைத்தார். இதை அவரே பின்னர் சொல்லியிருக்கிறார்.

அவர் பாதியில் எழுந்திருந்தால், கடைசி ஏழு செக்கும் பலகையில் நடந்திருக்காது.

பைர்ன் பிற்காலத்தில் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலம் கற்பிக்கும் பேராசிரியர் ஆனார். அங்கே மாணவர்களின் சதுரங்க அணிக்கும் வழிகாட்டினார். 1976-ம் ஆண்டு, 45 வயதிலேயே காலமானார். எத்தனையோ ஆட்டங்களில் வென்றவர் அவர். ஆனாலும் உலகம் அவரை நினைப்பது, தோற்ற இந்த ஓர் ஆட்டத்தால்தான்.

போட்டியில் எத்தனையாவது இடம்?

இப்படி ஆடிய பிஷர், அந்தப் போட்டியில் முதல் பரிசு வாங்கியிருப்பான் என்று நினைப்பீர்கள். இல்லை! 11 ஆட்டங்களில் அவன் எடுத்தது நாலரைப் புள்ளிதான். 12 பேரில் 8-வது இடத்தை இன்னொருவரோடு பங்கிட்டுக்கொண்டான். முதல் இடம் சாமுவேல் ரெஷவ்ஸ்கிக்குப் போயிற்று.

ஆனாலும் பேச்செல்லாம் அந்த ஓர் ஆட்டத்தைப் பற்றித்தான். ஹான்ஸ் கமோக் என்ற சதுரங்க எழுத்தாளர் அதற்கு "நூற்றாண்டின் ஆட்டம்" என்று பெயர் சூட்டினார். நூற்றாண்டு முடிய 44 ஆண்டு பாக்கி இருக்கும்போதே வைத்த பெயர் அது. இன்று வரை அந்தப் பெயர் நிலைத்துவிட்டது.

பிஷர் 14 வயதில் அமெரிக்க சாம்பியன் ஆனான். 15 வயதில் கிராண்ட்மாஸ்டர் பட்டம் பெற்றான். 1972-ம் ஆண்டு ஐஸ்லாந்து நாட்டின் ரெய்க்ஜாவிக் நகரில், ரஷியாவின் போரிஸ் ஸ்பாஸ்கியைத் தோற்கடித்து உலக சாம்பியன் ஆனார்.

அதன் பிறகு அவருடைய வாழ்க்கை நல்ல பாதையில் போகவில்லை. 1975-ம் ஆண்டு பட்டத்தைக் காக்க ஆட வரவில்லை. அது அனடோலி கார்ப்பவுக்குப் போயிற்று. ஏறக்குறைய இருபது ஆண்டு காலம் போட்டிகளில் தலைகாட்டவில்லை. 1992-ம் ஆண்டு, அமெரிக்க அரசின் தடையை மீறி யூகோஸ்லாவியாவில் ஸ்பாஸ்கியுடன் மறுபடி ஆடினார். அதனால் சொந்த நாட்டுக்குத் திரும்ப முடியாமல் போயிற்று. வெறுப்பு நிறைந்த பேச்சுகளால் நண்பர்களையும் இழந்தார். கடைசியில் ஐஸ்லாந்து அவருக்குக் குடியுரிமை கொடுத்தது. 2008-ம் ஆண்டு ஜனவரி 17-ந் தேதி, 64 வயதில் அங்கேயே இறந்தார்.

எப்படிப் படிப்பது?

பழைய ஆட்டத்தை ஆடிப் பார்ப்பதில் ஒரு முறை உண்டு. கடகடவென்று 41 நகர்த்தலையும் நகர்த்தினால், கதை தெரியுமே தவிர ஆட்டம் விளங்காது.

முக்கியமான இடம் வந்ததும் அடுத்த நகர்த்தலைக் கையால் மறைத்துக்கொள்ள வேண்டும். "நானாக இருந்தால் எதை நகர்த்துவேன்?" என்று யோசிக்க வேண்டும். யோசித்த பிறகு கையை எடுத்துப் பார்க்க வேண்டும். பதில் தப்பாக இருந்தால் பரவாயில்லை. ஏன் தப்பு என்று காய்களை நகர்த்திப் பார்த்தால், அதுவே பாடம்.

இந்த ஆட்டத்தில் அப்படி நிறுத்த வேண்டிய இடங்கள் இரண்டு. ஒன்று 11-வது நகர்த்தல், குதிரை ஓரத்துக்குப் போன இடம். மற்றொன்று 17-வது நகர்த்தல், ராணியைக் கொடுத்த இடம். கணிப்பொறிகள் வந்த பிறகு அவற்றைக் கொண்டும் இந்த இரண்டையும் சோதித்துப் பார்த்தார்கள். இரண்டும் சரியான நகர்த்தல் என்றுதான் அவையும் சொல்லின.

பள்ளி விடுமுறை நாளில், வீட்டில் பலகை இருந்தால் குழந்தைகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஆடிப் பாருங்கள். 17-வது நகர்த்தல் வந்ததும் நிறுத்திக்கொள்ளுங்கள். "ராணியை எங்கே நகர்த்தலாம்?" என்று கேட்காதீர்கள். அப்படிக் கேட்டால் பதில் ராணியில்தான் இருக்கிறது என்று குழந்தை நினைத்துவிடும். "இப்போது என்ன ஆடலாம்?" என்று மட்டும் கேட்டுவிட்டு, பொறுமையாகக் காத்திருங்கள்.